பத்து சென்ட்டும் இரண்டரை ஏக்கரும்

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் சாலையில் வடக்கே போனால் பாறசாலை, உதியங்குளங்கரை, அமரவிளை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். கடைப்பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. உதியங்குளங்கரையிலிருந்து உள்ளே திரும்பினால் செங்கல். சில ஆண்டுகளாக இந்தச் சிற்றூருக்கு வெளியூர் வண்டிகள் நிறைய வருகின்றன. இங்குள்ள மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில் 111 அடிக்கு மேல் உயரமான சிவலிங்கம் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே படியேறிக்கொண்டே போய்ப் பார்க்கலாம்.

இதே நெய்யாற்றின்கரை தாலுகாவில், ஆற்றின் ஓரத்தில் இன்னொரு சிவலிங்கம் இருக்கிறது. அது ஆற்றில் கிடந்த கல். 1888-ல் ஒரு சிவராத்திரி இரவில், ஈழவர் குடும்பத்தில் பிறந்த நாராயண குரு அதை அருவிப்புறத்தில் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் தவிர வேறு யாரும் கடவுளை நிறுவக்கூடாது என்றிருந்த நாட்டில் நடந்தது அது.

இன்று செங்கலிலும் அருவிப்புறத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு யாரும் உள்ளே போகலாம். அதைப் பெற்றுத் தந்தவர்களை நான் தினமும் நன்றியோடு நினைக்கிறேன். என் கேள்வி கோயிலுக்கு வெளியே கிடக்கிறது. அருவிப்புறத்திலிருந்து செங்கல் வரை வரும் வழியில் ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி, இடையிடையே மிச்சமிருக்கும் ஏலாக்கள் என்ற நெல்வயல்கள். இந்த விளைகளுக்கும் கண்டங்களுக்கும் யார் பெயரில் நிலக்கரம் கட்டிய ரசீது இருக்கிறது? அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழுது நட்டு அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெயரில் எத்தனை ரசீது இருக்கிறது?

சாதியைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கத்து மனிதர்கள் பெரும்பாலும் ஒரே பதில் சொல்வார்கள்: "இப்ப யாரு அதெல்லாம் பாக்கா?" அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே பேருந்தில் போகிறோம், ஒரே கடையில் சாயா குடிக்கிறோம், ஒரே ஆசுபத்திரியில் படுக்கிறோம். மனதில் வெறுப்பு இல்லாதவர்கள் ஏராளம். ஆனால் ஏற்றத்தாழ்வு குடியிருக்கும் இடம் மனம் என்று நினைப்பதில்தான் நாம் தவறுகிறோம். அது கணக்குப் புத்தகத்தில் குடியிருக்கிறது. வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டிலும், பள்ளி நியமன உத்தரவிலும், சாதிச் சான்றிதழிலும் இருக்கிறது. யாரும் யாரையும் வெறுக்காமலே அது வேலை செய்துகொண்டிருக்கும்.

நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் 1969-ல் இதற்குக் கட்டமைப்பு வன்முறை என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன உதாரணம் எளிது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயால் இறந்தால் அது தவிர்க்க முடியாத சாவு. மருந்தும் மருத்துவமும் கைக்கெட்டும் காலத்தில் ஒருவர் அதே நோயால் இறந்தால் அது வன்முறை. கத்தி எடுத்தவன் யாரும் கண்ணில் படமாட்டான், அவ்வளவுதான். இந்த விளக்கத்தை எங்கள் எல்லை ஊர்களுக்கு வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கணக்கு ஒன்று விரிகிறது.

பழைய திருவிதாங்கூரில் தாழ்வுக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். பனையேறியின் தளைநாருக்குத் தளைக்காணம், ஏணிக்கு ஏணிக்காணம். உயிரோடு இருந்ததற்குத் தலைவரி. கூலி இல்லாத ஊழியம் தனி. 1836-ல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த மக்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் அடிமைகள் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேல். எட்டில் ஒருவர். பெரும்பாலும் புலயர், பறையர், குறவர். நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள், வாடகைக்கு விட்டார்கள்.

உடுக்கும் துணிக்கும் கணக்கு இருந்தது. தோள்சீலைப் போராட்டத்தை நாம் பெண்களின் மானத்துக்கான போராட்டம் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அரச விளம்பரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில், கிறித்தவராக மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போடலாம் என்று அனுமதி வந்தது. 1829-ல் வந்த விளம்பரம், குப்பாயம் சரி, மேல்சீலை கூடாது என்றது. கலகங்களும் தீவைப்புகளும் நடந்து, மதராஸ் கவர்னர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகு, 1859 ஜூலையில் மகாராஜா இறங்கி வந்தார். நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம். ஆனால் குப்பாயமாக இருக்க வேண்டும், அல்லது முக்குவப் பெண்கள் உடுத்துவதுபோல் முரட்டுத் துணியாக இருக்க வேண்டும். உயர்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் மட்டும் போடக்கூடாது. மறைப்பதில் அரசுக்கு ஆட்சேபம் இல்லாமல் போய்விட்டது. ஒரே மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதில்தான் கடைசிவரை பிடிவாதம். உரிமையைக் கொடுக்கும்போதே படியையும் சேர்த்துக் கட்டித் தருவது இந்த மண்ணில் அன்றே பழக்கமாகிவிட்டது.

அதை முன்பே புரிந்துகொண்டவர் அய்யா வைகுண்டர். சாமித்தோப்பில் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். தலைப்பாகை கட்டத் தடையிருந்த ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்த அரசுக்கு, அவர் என்ன செய்கிறார் என்பது நன்றாகவே புரிந்திருந்தது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இரண்டு ஆண்டுகள். 1855, 1865. முதலாவதில், ஜூன் 24-ம் தேதி, திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது. இனி யாரும் யாரையும் விற்க முடியாது. ஆனால் விடுதலை பெற்றவர் கையில் ஒரு பிடி மண் கொடுக்கவில்லை. அவர் குடிசை இருந்த இடமும் பழைய எஜமானின் நிலம்தான். இரண்டாவதில் பண்டாரப்பாட்டம் விளம்பரம் வந்தது. அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்கள் அந்த நிலத்துக்கு முழு உரிமையாளர்கள் ஆனார்கள். விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். வரலாற்றாசிரியர்கள் இதைத் திருவிதாங்கூர்க் குடியானவரின் மகாசாசனம் என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். நாயர், சிரியன் கிறித்தவர், கொஞ்சம் ஈழவர், கொஞ்சம் நாடார் என்று பலர் இதனால் தலைநிமிர்ந்தார்கள். ஆனால் பாட்டச்சீட்டு இருந்தவருக்குத்தான் பட்டா. அந்த நிலத்தில் இறங்கிச் சேறு மிதித்தவருக்குச் சீட்டு இருந்ததே இல்லையே! பத்து ஆண்டு இடைவெளியில், ஒருவருக்கு நிலமில்லாத விடுதலை. இன்னொருவருக்கு விடுதலையே தேவைப்படாத நிலம். இன்றைக்கு இந்த ஊர்களில் யார் வீட்டில் மாடி இருக்கிறது, யார் வீட்டில் கல்லூரி ஆசிரியர் இருக்கிறார் என்று தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால், பல குடும்பங்களில் பாதை அந்தப் பத்து ஆண்டுகளில் போய்த்தான் முட்டும்.

புலயர் சமூகத்து அய்யன்காளி 1863-ல் வெங்கானூரில் பிறந்தார். அதுவும் அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஏற்றத்தாழ்வு எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவரைப்போல் துல்லியமாகக் கண்டுகொண்டவர் கேரளத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 1893-ல் வில்லுவண்டி ஒன்று வாங்கி, புலயர் நடக்கவும் கூடாத பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அடிதடி நடந்தது, அவர் பின்வாங்கவில்லை. சாலை அரசுப் பணத்தில் போட்டது. அதில் ஒரு சாதிக்கு மட்டும் வழி கிடையாது என்றால், அதை உடைக்கச் சாலையில்தான் இறங்க வேண்டும்.

1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். பள்ளிக்கூடங்களில் புலயப் பிள்ளைகளைச் சேர்க்க அரசு உத்தரவு போட்டும் பள்ளி மேலாளர்களும் தலைமையாசிரியர்களும் அதை அமுக்கி வைத்திருந்தார்கள். 1910-ல் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனார் அய்யன்காளி. பள்ளிக்குத் தீ வைத்தார்கள். ஒரு சிறுமி உட்கார்ந்த பெஞ்சில் தங்கள் பிள்ளை உட்காரக்கூடாது என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளின் பள்ளியையே கொளுத்தினார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சைப் பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022-ல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து தூரம் அதிகமில்லை.

தீ வைத்தவர்களைப் பற்றிப் பேசுவது சுலபம். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது நெய்யாற்றின்கரையில் பிறந்த இன்னொருவர். 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. திவானின் ஊழலை எழுதியதற்காக 1910 செப்டம்பரில் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டவர். 1912-ல் மலையாளத்தில் கார்ல் மார்க்ஸ் வரலாற்றை எழுதியவர். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எவரும் அவர் பெயரைக் கேட்டால் ஒரு கணம் எழுந்து நிற்க வேண்டும். அதே மனிதர், அதே 1910-ல், புலயப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களையும் நிலத்தை உழுதவர்களையும் சேர்ப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்பது அவர் வாதம்.

அவர் கெட்டவர் அல்ல. அரசனுக்கு அஞ்சாதவர், காசுக்கு வளையாதவர், தன் வாழ்வையே பலிகொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கும் தான் நின்ற மேடு தெரியவில்லை. தான் ஏறி நிற்கும் திண்ணை உயரம் என்பது நிற்பவனுக்குத் தெரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத்தான் கழுத்து வலிக்கும். நல்ல மனம் இருந்தால் போதும், சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

அய்யன்காளி நல்ல மனங்களுக்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்றார். புலயர் யாரும் கண்டத்தில் இறங்கவில்லை. வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. பட்டினி கிடந்தவர்களை விழிஞ்ஞத்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் வேலைக்கு ஏற்றிக்கொண்டார்கள். கடைசியில் இறங்கி வந்தது நிலமுடையவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் நடத்திய அந்த வேலைநிறுத்தம், கூலிக்காக மட்டும் நடந்ததல்ல. பள்ளிக்கூடத்துக்காக வயலில் நடந்தது. ஏற்றத்தாழ்வின் ஒரு கண்ணி வயலிலும் மறு கண்ணி வகுப்பறையிலும் இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் முதலில் கேட்டது நிலம். அரசின் தரிசான புதுவல் நிலத்தைப் புலயருக்குப் பதிவு செய்து கொடுக்கச் சொன்னார். நெய்யாற்றின்கரை தாலுகாவில் விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கணக்கு.

இந்த ஒரு ஏக்கரை நினைவில் வைத்துக்கொண்டு 1970-க்கு வருவோம்.

இடையில் 1936-ல் கோயில் நுழைவு விளம்பரம் வந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி எல்லை விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ்நாட்டோடு சேர்வதற்காக 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களின் கதை தனியாக எழுத வேண்டியது. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கத்திலும் அதே சாதிகள், அதே உறவுகள், அதே நில வரலாறு.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஜன்மி என்ற பெருநிலவுடைமை முறை ஒழிந்தது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு தூரம் போகவில்லை என்று சொல்வார்கள். பெரிய அளவில் அது உண்மை. குத்தகைக்காரர் உரிமையாளர் ஆனார். 1865 போலவே. குத்தகை வைத்திருந்தவர் யார், கூலிக்கு இறங்கியவர் யார் என்பதும் 1865 போலவே. உழுத கூலிக்காரருக்குக் கிடைத்தது குடிகிடப்பு உரிமை. அதாவது, அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தால் குடிசையும் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் சொந்தம். பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5 சென்ட் வரை, மாநகராட்சியில் 3 சென்ட் வரை. பெருந்தோட்டங்களுக்கு உச்சவரம்பே கிடையாது.

குடிசையை விட்டு யாரும் விரட்ட முடியாது என்பது சிறிய விஷயமல்ல. இரவில் நிம்மதியாகத் தூங்க முடிந்த முதல் தலைமுறை அது. ஆனால் பத்து சென்ட்டில் விவசாயம் செய்ய முடியாது. அடகு வைத்துப் பிள்ளையைப் பொறியியல் படிக்க வைக்க முடியாது. மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று சென்ட். அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒரு சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதுவும் இல்லாதவர்களுக்கு 1972-ல் லட்சம் வீடு திட்டம் வந்தது, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பமாக. கேரளத்துக் காலனிகளில் இடமில்லாமல் வீட்டின் சமையலறைத் தரையைத் தோண்டிப் பிணத்தைப் புதைத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

2020 டிசம்பரில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்திலேயே, சில சென்ட் நிலத்திலிருந்து குடும்பத்தை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவோடு வந்தார்கள். கணவரும் மனைவியும் தீயில் கருகி இறந்தார்கள். தகப்பனை அதே மண்ணில் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்த மகன், தடுக்க வந்த போலீசாரைப் பார்த்து விரல் நீட்டிப் பேசிய காட்சியைக் கேரளம் முழுக்கப் பார்த்தது. அங்கே வந்தவர்கள் கையில் இருந்தது சட்டப்படியான காகிதம். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு உயிர் போயிற்று. கால்டுங் சொன்னதற்கு விளக்கம் தேடி நார்வே வரை போக வேண்டியதில்லை.

இதில் நாம் தனித்து நிற்கவும் இல்லை. அமெரிக்காவில் 1930-களில் அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பர் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்தது. அந்தப் பகுதிக்கு வீட்டுக் கடன் கிடைக்காது. 1968-ல் அந்தப் பாகுபாட்டைச் சட்டம் தடைசெய்தது. ஆனால் முப்பது ஆண்டு காலம் வீடு வாங்க முடியாமல் போனவரின் பிள்ளைக்குச் சொத்தாக எது வரும்? சிவப்புக்கோட்டை அழித்தார்கள், கோட்டுக்குள் இருந்த வறுமை இன்னும் அங்கேயே இருக்கிறது.

2024 ஜூன் 18-ம் தேதி, கேரள அமைச்சர் பதவியிலிருந்து விலகும் நாளில் கே. ராதாகிருஷ்ணன் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். காலனி என்ற சொல் இனி வேண்டாம். நகர் என்றோ வேறு நல்ல பெயரிலோ அழைக்க வேண்டும். அன்று அய்யன்காளியின் நினைவு நாளும்கூட. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலினும் சட்டமன்றத்தில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். பள்ளியில் முகவரி கேட்கும்போது தலைகுனிந்து பதில் சொன்ன ஒரு பிள்ளையை அறிந்தவர்கள் யாரும் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நகர் என்று பெயர் மாறிய பிறகும் அளவு அதே மூன்று சென்ட்தான். 1859-ல் துணி கிடைத்தது, படி நீங்கவில்லை. பெயர் மாற்றத்தோடு நிறுத்திக்கொண்டால் இதுவும் அப்படியே முடியும்.

எல்லை ஊர்களில் இன்னொரு காகிதமும் உண்டு. லண்டன் மிஷன் காலத்தில் இந்தப் பக்கம் புலயரும் சாம்பவரும் ஏராளமாகக் கிறித்தவர் ஆனார்கள். எழுத்து, மருந்து, மரியாதை என்று பெற்றுக்கொண்டது நிறைய. ஆனால் 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறித்தவர் வெளியே. அண்ணன் ஞானஸ்நானம் பெற்று, தம்பி பெறாமல் இருந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே தகப்பன், ஒரே குடிசை, ஊரில் ஒரே பெயரில்தான் கூப்பிடுவார்கள். ஒருவன் பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டு, மற்றவன் பிள்ளைக்கு இல்லை. ஊர் மறக்காத சாதியை அரசு மறந்துவிட்டதாகச் சொல்கிறது. இதை ஆராய 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள். ஆணையம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்கு யார் போகிறார்கள் என்று பாறசாலைப் பக்கம் ஒரு வாரம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அய்யன்காளி தொடங்கிய இடம் அது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். சம்பளம் அரசு கருவூலத்திலிருந்து போகிறது. 1972 முதல் கல்லூரிகளுக்கும் அப்படித்தான். ஆசிரியரை நியமிப்பது மேலாளர். பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ அங்கே இட ஒதுக்கீடு கிடையாது. மேலாளர்கள் யார்? இந்தப் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் பெரும்பாலும் 1865-ல் நிலம் பெற்று, அதில் பள்ளி கட்டும் வசதியும் பெற்ற சமூகங்களின் சபைகளும் சங்கங்களும் குடும்பங்களும்தான். பஞ்சமியின் வழிவந்த பிள்ளைகள் பெஞ்சில் இன்று தாராளமாக உட்காரலாம். எதிரே இருக்கும் மேசைக்குப் போக வழி அடைந்தே கிடக்கிறது. அந்த மேசைக்கான சம்பளத்தில் அவர்கள் கட்டும் வரியும் சேர்ந்திருக்கிறது.

இதை மாற்ற ஒருமுறை முயற்சி நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1957-ல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதாவின் 11-ம் பிரிவு, உதவி பெறும் பள்ளிகளுக்கான ஆசிரியர்களைப் பொதுத் தேர்வாணையப் பட்டியலிலிருந்து, இட ஒதுக்கீட்டைப் பின்பற்றித்தான் எடுக்க வேண்டும் என்றது. 1959-ல் அந்த அரசுக்கு எதிராக விமோசன சமரம் என்ற போராட்டம் வெடித்தது; ஜூலை 31-ம் தேதி ஆட்சியே கலைக்கப்பட்டது. அடுத்து வந்த பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த எந்த ஆட்சியும், இடதோ வலதோ, அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. முடியாது என்று சொல்வதற்கும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. மேலாளர்கள் முனகிக்கொண்டாவது அதற்கு இடம் விட வேண்டியிருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை.

தகுதி, திறமை என்று இங்கே ஒரு வாதம் வரும். நான் அதற்குப் பதிலாக ஒரு கணக்கை மட்டும் வைக்கிறேன்.

2019-ல் அரசியலமைப்பின் 103-வது திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றது. யார் நலிந்தவர் என்று கேரள அரசு 2020-ல் தானே வரையறை வகுத்தது. ஆண்டு வருமானம் 4 லட்சம் ரூபாய் வரை. பஞ்சாயத்தில் நிலம் இரண்டரை ஏக்கர் வரை. நகராட்சியில் 75 சென்ட், மாநகராட்சியில் 50 சென்ட்.

இரண்டரை ஏக்கர் என்பது 250 சென்ட். செங்கலில் 250 சென்ட் நிலம் இருப்பவர் ஒரு சாதியில் பிறந்திருந்தால் அரசின் கண்ணில் ஏழை. அவருக்குக் கைகொடுக்க அரசியலமைப்பையே திருத்தினோம். அதே செங்கலில், அதே நிலத்தை உழுதவருக்கு, இந்தியாவிலேயே சிறந்தது என்று பேர்பெற்ற நிலச்சீர்திருத்தம் அளந்து கொடுத்தது அதிகபட்சம் 10 சென்ட். ஒருவரின் வறுமை இன்னொருவரின் உரிமையைவிட இருபத்தைந்து மடங்கு பெரியது. இந்த இரண்டு எண்களையும் எழுதியது வன்முறைக் கும்பல் அல்ல. படித்த அதிகாரிகளும், தேர்ந்தெடுத்த அமைச்சர்களும், முற்போக்கான அரசுகளும். அவர்களில் பலர் சாதி பார்க்காதவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

முன்னேறிய சாதி ஏழைக்கு உதவக்கூடாது என்பது என் பேச்சல்ல. பசிக்குச் சாதி இல்லை. ஆனால் ஏழ்மையை அளக்க ஆளுக்கொரு கோல் வைத்திருப்பது அநீதி, அதை அநீதி என்றே சொல்ல வேண்டும். கேரளத்தின் எழுத்தறிவையும் ஆயுளையும் நான் மதிக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தலித்துகளுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் போன இடம் தெரியாமல் போனதையும் அறிவேன். ஒருவர் முதுகைக் காட்டி மற்றவர் தப்பிக்க முடியாது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உதவி பெறும் பள்ளி, கல்லூரி நியமனங்களில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் ஒதுக்கீடு. அரசு சம்பளம் தரும் இடத்தில் அரசு விதி. அதற்குச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். பெயர் மாறிய நகர்களில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வெளியே பயிரிடும் நிலம். குத்தகைக் காலம் முடிந்த தோட்டங்கள் கேரளத்தில் உண்டு. பட்டியல் சாதிக் கிறித்தவருக்குச் சான்றிதழ். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கு வேண்டும். வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. சாதியை மட்டும் எண்ணி நிலத்தை எண்ணாமல் விட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். கேரள அரசு தன் வில்லேஜ் ஆபீஸ்களில் இருக்கும் நிலப் பதிவேடுகளைக் கொண்டு, எந்தச் சமூகத்திடம் எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதைத் தாலுகா வாரியாக வெளியிட வேண்டும். நெய்யாற்றின்கரை தாலுகாவிலிருந்து தொடங்கட்டும்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நிலத்தின் பழைய ஆதாரத்தை எடுத்துப் பாருங்கள். அது உங்கள் குடும்பத்துக்கு எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தால், யாரிடமிருந்து வந்தது என்று வாசியுங்கள். பிறகு, உங்கள் விளையில் வேலைக்கு வந்தவரின் வீட்டுக்குப் போய், அவரிடம் இருக்கும் காகிதத்தையும் கேட்டு வாசியுங்கள்.